எந்த அலமாரியில் வைப்பது? பழைய ஜாஸ் இசைத்தட்டுகள் தொடர்களான வரலாறு

1927 பிப்ரவரி 4 அன்று நியூயார்க்கில் ஃபிராங்கி ட்ரம்பாவரின் குழு ‘சிங்கின் தி புளூஸ்’ பாட்டைப் பதிவு செய்தது. அதில் கார்னெட் வாசித்தவர் பிக்ஸ் பைடர்பெக். அடுத்த ஆண்டு ஜூன் 28 அன்று சிகாகோவில் லூயி ஆம்ஸ்ட்ராங் ‘வெஸ்ட் எண்ட் புளூஸ்’ வாசித்தார். இருபதுகளின் ஜாஸைப் பற்றி எழுதுகிறவர்கள் அநேகமாக இந்த இரண்டையும் அருகருகே வைத்துத்தான் பேசுவார்கள். இரண்டையும் வெளியிட்டது ‘ஓகே’ என்ற ஒரே கம்பெனி. முதல் தட்டின் எண் 40772. இரண்டாவதின் எண் 8597.

பின்னால் வந்த தட்டுக்குச் சின்ன எண் எப்படி வந்தது? அந்த எண்கள் காலத்தைக் காட்டுபவையே அல்ல. 40000-இல் தொடங்கிய வரிசை பொதுச் சந்தைக்கானது. பொது என்றால் நடைமுறையில் வெள்ளையர். 8000-இல் தொடங்கிய வரிசை கறுப்பின மக்களுக்கு விற்பதற்கானது. தெற்கு மாநிலங்களின் வெள்ளையர் நாட்டுப்புறப் பாட்டுகளுக்கு 45000 என்று இன்னொரு வரிசை இருந்தது. விற்பனைப் பட்டியல்களும் விளம்பரங்களும் தனித்தனி. ஆம்ஸ்ட்ராங்கின் தட்டு கறுப்பர்கள் வாழும் பகுதிக் கடைக்குப் போகும்; பிக்ஸின் தட்டு நகரின் மறுபக்கம் போகும். கடைக்காரருக்கு இசை தெரிய வேண்டியதில்லை, எண்ணைப் பார்த்தால் போதும்.

பழைய ஜாஸ் தட்டுகள் தொடர்களாகத் தொகுக்கப்பட்ட வரலாற்றை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். ‘மாபெரும் ஜாஸ் கலைஞர்கள்’ என்ற தோரணையில் அழகான பெட்டிகளில் பின்னாளில் வந்த தொகுப்புகளிலிருந்து தொடங்கினால், தொகுத்தல் என்பது ரசிகர்களின் அன்புப் பணி என்று தோன்றிவிடும். உண்மையில் முதல் தொகுப்பாளர்கள் விற்பனைப் பிரிவுக்காரர்கள். பின்னால் வந்த சேகரிப்பாளர்கள் எண்களால் போட்ட அந்த வேலியை உடைத்தார்கள். உடைத்த கையோடு தங்கள் ரசனைக்கு ஏற்ற வேறு வேலிகளையும் போட்டார்கள்.

ஒரு 78 சுழற்சித் தட்டைக் கையில் எடுத்துப் பார்த்தால் அதில் இரண்டு வகை எண்கள் இருக்கும். நடுவே ஒட்டிய வட்டக் காகிதத்தில் கம்பெனி பெயர், பாட்டின் பெயர், குழுவின் பெயர், பெரும்பாலும் ‘ஃபாக்ஸ் டிராட்’ என்று எந்த நடனத்துக்கான இசை என்ற குறிப்பு, கூடவே விற்பனை எண். காகிதத்துக்கு வெளியே, ஊசி ஓடி முடியும் வழவழப்பான பகுதியில், வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் மட்டும் தெரிகிற இன்னொரு எண் இருக்கும். அது மேட்ரிக்ஸ் எண். எந்தப் பதிவு, அதன் எத்தனையாவது முயற்சி என்பதை அது சொல்லும். முதல் எண் தட்டை யாருக்கு விற்க நினைத்தார்கள் என்பதற்குச் சாட்சி. இரண்டாவது, அறையில் என்ன நடந்தது என்பதற்கு. சேகரிப்பாளர்கள் இரண்டாவதைப் படிக்கக் கற்றுக்கொண்ட பிறகுதான் ஜாஸுக்கு முறையான காலவரிசை கிடைத்தது.

இனவாரியான வரிசை திட்டமிட்டுப் பிறந்ததல்ல. 1920 ஆகஸ்ட் 10 அன்று மேமி ஸ்மித் என்ற கறுப்பினப் பாடகி ‘கிரேஸி புளூஸ்’ பாடினார். ஓகே அதை 4169 என்ற எண்ணில், மற்றப் பாட்டுகளோடு பாட்டாகப் பொது வரிசையில்தான் வெளியிட்டது. யாரும் எதிர்பாராத அளவு விற்றது. கறுப்பின மக்கள் காசு கொடுத்துத் தட்டு வாங்குவார்கள் என்பது கம்பெனிகளுக்கு அதன் பிறகே உறைத்தது. 1921-இல் ஓகே 8000 வரிசையைத் தொடங்கியது. அதே ஆண்டு ஹாரி பேஸ் என்ற கறுப்பின வணிகர் ‘பிளாக் ஸ்வான்’ கம்பெனியை ஆரம்பித்தார். மூன்று ஆண்டுகளில் அதன் சரக்கு பாரமவுண்ட் கைக்குப் போய்விட்டது. விஸ்கான்சினில் நாற்காலி செய்துகொண்டிருந்த ஒரு தொழிற்சாலையின் கிளைதான் பாரமவுண்ட். அதன் 12000 வரிசை 1922-இல் வந்தது. கொலம்பியா 1923-இல் 13000-டி என்று தொடங்கி, சில தட்டுகளிலேயே 14000-டிக்குத் தாவியது. பதின்மூன்று ராசியில்லாத எண் என்று பயந்ததாகச் சொல்வார்கள். வோகேலியன், பிரன்ஸ்விக், விக்டர் எல்லாம் இருபதுகள் முடிவதற்குள் பின்தொடர்ந்தன.

வேலியில் ஓட்டைகளும் இருந்தன. கார்னெட் கலைஞர் கிங் ஆலிவரின் குழு 1923-இல் ஓகேவுக்கு வாசித்த ‘டிப்பர்மவுத் புளூஸ்’ 4918 என்ற பொது எண்ணில் வந்தது. அதே ஆண்டு அதே குழு கொலம்பியாவுக்கு வாசித்த ‘கேம்ப் மீட்டிங் புளூஸ்’ 14003-டி. வாசித்தவர்களில் சிலர் மாறியிருந்தாலும் குழு அதேதான், இசையும் மாறவில்லை. விற்பனை அறையில் அன்றைக்கு யாருடைய கணிப்பு எடுபட்டதோ அதன்படி எண் விழுந்தது.

இந்த வேலியின் அபத்தம் முழுதாகத் தெரிவது 1930 ஜூலை 16-இல். ஹாலிவுட்டில் விக்டர் கம்பெனிக்காக ஜிம்மி ராட்ஜர்ஸ் ‘புளூ யோடல் நம்பர் 9’ பாடினார். கிராமப்புற வெள்ளையர் இசையின் முதல் பெரும் நட்சத்திரம் அவர். பாட்டுக்கு டிரம்பெட் வாசித்தவர் ஆம்ஸ்ட்ராங். பியானோ அவர் மனைவி லில் ஹார்டின். தட்டின் மேல் அவர்கள் இருவர் பெயரும் இல்லை. ஆம்ஸ்ட்ராங்கின் ரசிகர்கள் இருந்த தெருக்களுக்கு அந்தத் தட்டு போகவும் இல்லை. பதிவறைக்குள் சேர்ந்து வாசிக்கத் தடையில்லை, பட்டியலில்தான் இடமில்லை.

ஆம்ஸ்ட்ராங்கின் ‘ஹாட் ஃபைவ்’ பதிவுகள் இந்த 8000 வரிசை இல்லாமல் நடந்தே இருக்காது என்பதையும் சொல்ல வேண்டும். 1925 நவம்பர் 12 அன்று தொடங்கிய அந்தப் பதிவுகளுக்காகவே கூட்டப்பட்ட குழு அது. மேடையில் நிரந்தரமாக இயங்கிய குழு அல்ல. கறுப்பினக் கடைகளுக்குச் சரக்கு வேண்டும் என்ற தேவைதான் அவர்களைப் பதிவறையில் உட்கார வைத்தது. ஒதுக்கிவைத்த வரிசைக்குள் ஒரு சுதந்திரமும் கிடைத்தது. அந்தப் பக்கம் பெரிய அதிகாரிகளின் கவனம் அவ்வளவாகத் திரும்பவில்லை.

வேலியை முதலில் தாண்டியவர்கள் அமெரிக்கர்கள் அல்ல, ஆங்கிலேயர்கள். ஓகேவுக்கு ஜெர்மனியின் லிண்ட்ஸ்ட்ராம் குழுமத்தோடு பழைய உறவு. அந்த வழியில் லண்டன் பார்லஃபோனுக்கு ஓகே பதிவுகள் கிடைத்தன. 1929-இல் பார்லஃபோன் ‘நியூ ரிதம் ஸ்டைல்’ என்ற தொடரைத் தொடங்கியது. ‘மெலடி மேக்கர்’ இதழின் முதல் ஆசிரியர் எட்கர் ஜாக்சன் இந்த மாதிரி முயற்சிகளுக்குப் பின்னால் இருந்தார். லண்டனில் இந்தத் தட்டை வாங்குகிறவர் சம்பளம் வாங்கும் இளைஞர். அவர் தேடியது ‘ஹாட்’ என்ற துடிப்பான ஜாஸ் வாசிப்பு. ஆம்ஸ்ட்ராங் கறுப்பரா, பிக்ஸ் வெள்ளையரா என்று எண்ணில் பிரிக்க அங்கே காரணம் இல்லை. 8597-உம் 40772-உம் ஒரே பட்டியலுக்குள் நுழைந்தது அங்கேதான். பாணியை வைத்துத் தொடர் போடும் வழக்கம் இப்படித் தொடங்கியது. எச்.எம்.வி.யும் ‘ஹாட் ரிதம்’, ‘ஸ்விங் மியூசிக்’ என்று தன் பங்குக்குப் போட்டது. பாரிஸில் 1937-இல் சார்ல் டெலோனே ‘ஸ்விங்’ என்ற லேபிளையே ஜாஸுக்காகத் தொடங்கினார். முந்தைய ஆண்டு ‘ஹாட் டிஸ்கோகிராஃபி’ என்று பதிவுகளின் அட்டவணை நூல் கொண்டு வந்தவர் அவர்தான். மேட்ரிக்ஸ் எண்ணைப் படித்த தலைமுறை என்று நான் சொன்னது இவர்களை.

அமெரிக்காவில் அந்த வேலையைத் தொடங்கியது ஒரு கடை. நியூயார்க்கின் கொமடோர் மியூசிக் ஷாப்பை நடத்திய மில்ட் கேப்ளர், பெரிய கம்பெனிகள் மறந்துபோன பதிவுகளை உரிமத் தொகை கட்டி மறுபடி அச்சிட்டு விற்றார். 1935-இல் உருவான ‘யுனைடெட் ஹாட் கிளப்ஸ் ஆஃப் அமெரிக்கா’வின் பெயரில் அவை வந்தன. அவர் செய்த ஒரு சின்ன மாற்றத்தை நான் பெரிதாக மதிக்கிறேன்: குழுவில் யார் யார் என்ன வாசித்தார்கள் என்பதை வட்டக் காகிதத்திலேயே அச்சிட்டார். நடன வகை இருந்த இடத்தில் மனிதர்களின் பெயர்கள் வந்தன. அதன் பிறகு அந்தத் தட்டை நடனத்துக்காக மட்டும் வாங்க முடியாது.

பெரிய கம்பெனிகள் அசைய ஒரு வணிகக் கைமாற்றம் தேவைப்பட்டது. 1938 இறுதியில் சி.பி.எஸ். வானொலி நிறுவனம் அமெரிக்கன் ரெக்கார்டு கார்ப்பரேஷனை வாங்கியது. அதோடு கொலம்பியா, ஓகே பதிவுகளும் வந்து சேர்ந்தன. பெட்டகத்தில் என்ன இருக்கிறது என்று அங்கே யாருக்கும் தெளிவாகத் தெரியாது. அப்போது யேல் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் அவாக்கியான் என்ற மாணவர் இருந்தார். டெக்கா கம்பெனிக்காக 1939-இல் ‘சிகாகோ ஜாஸ்’ என்ற ஆல்பத்தைத் திட்டமிட்டுத் தயாரித்திருந்தார்; ஆறு தட்டுகள், மூன்று குழுக்கள், கூடவே அவரே எழுதிய குறிப்பேடு. ஜாஸில் கருப்பொருளை முதலில் முடிவு செய்து பிறகு பதிவு செய்த முதல் ஆல்பமாக அதைச் சொல்வதுண்டு. கொலம்பியா அவரை அழைத்து, பிரிட்ஜ்போர்ட்டில் இருந்த தன் தொழிற்சாலையின் பழைய உலோக அச்சுகளைத் துழாவ விட்டது.

அதில் விளைந்தது 1940-இன் ‘ஹாட் ஜாஸ் கிளாசிக்ஸ்’. முதல் வரவில் ஆம்ஸ்ட்ராங், பிக்ஸ், குழுத்தலைவர் ஃப்ளெட்சர் ஹெண்டர்சன், புளூஸ் பாடகி பெஸ்ஸி ஸ்மித் என நான்கு ஆல்பங்கள். புத்தகம் போல் கட்டிய அட்டைக்குள் காகித உறைகளில் நான்கு நான்கு தட்டுகள். பெஸ்ஸி ஸ்மித் 14000-டி வரிசைக்காரர். பிக்ஸ் பொது வரிசைக்காரர். இப்போது ஒரே மாதிரி அட்டையில், ஒரே விலையில், கடையின் ஒரே அலமாரியில் நின்றார்கள்.

மறுபதிப்பு என்ற பெயரில் புதிய சரக்கும் வெளிவந்தது. ஆம்ஸ்ட்ராங் 1927 மே மாதம் வாசித்து, பதின்மூன்று ஆண்டுகள் வெளிவராமல் கிடந்த ‘12த் ஸ்ட்ரீட் ராக்’ அப்போதுதான் முதல் முறை தட்டானது. இன்னொன்று ‘எஸ்.ஓ.எல். புளூஸ்’. தலைப்பின் அந்த மூன்று எழுத்துகள் ஒரு கொச்சைத் தொடரின் சுருக்கம். மறுநாளே அதே இசையை, தொடக்க வரிகளை மாற்றி, ‘கல்லி லோ புளூஸ்’ என்று மறுபடி பதிவு செய்து அதைத்தான் 1927-இல் விற்றிருந்தார்கள். 1940-இல் இரண்டும் கிடைத்தபோது, அடுத்தடுத்த இரு நாட்களில் ஒரே கலைஞர் ஒரே மெட்டை எப்படி வேறுவிதமாக வாசித்தார் என்று ஒப்பிட்டுக் கேட்க முடிந்தது. நடன அரங்குக்குப் போகிறவருக்கு இது எதற்கு? ஆராய்கிற காதுக்கு இது விருந்து. தொடர்கள் எந்த ரசிகரை நோக்கித் திரும்பின என்பது இந்த ஒரு தட்டிலேயே தெரிகிறது.

போர்க்காலம் மறுபதிப்புக்கு உதவியது, இடையூறும் செய்தது. 1942 ஆகஸ்ட் 1 முதல் அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் பதிவு வேலைநிறுத்தம் செய்தது. புதுப் பதிவு இல்லாதபோது பெட்டகம்தான் கதி. ஆனால் தட்டு அச்சிட அரக்கு வேண்டுமே. அந்த அரக்கு பெரும்பாலும் இந்தியாவிலிருந்து, சோட்டா நாக்பூர் காடுகளின் மரங்களில் பூச்சிகள் சுரந்த பிசினிலிருந்து வந்தது. கப்பல் பாதைகள் ஆபத்தாகி, ராணுவத் தேவைக்கு முன்னுரிமை கொடுத்து, 1942 ஏப்ரலில் அமெரிக்க அரசு தட்டுகளுக்கான அரக்குப் பயன்பாட்டை 70 விழுக்காடு வெட்டியது. கடைகள் பழைய தட்டுகளைத் திரும்ப வாங்கி நொறுக்கிப் புதிய தட்டுக்குக் கலந்தன. அப்படி அரைபட்டவற்றில் எத்தனை 8000-உம் 12000-உம் போயிருக்கும் என்று நினைத்தாலே சேகரிப்பாளர்களுக்கு வயிறு எரியும்.

1948-இல் எல்.பி. வந்ததும் தொகுப்பின் இலக்கணமே மாறியது. மூன்று நிமிடத்துக்கு ஒரு பக்கம் என்ற அளவு போய், ஒரு பக்கத்திலேயே ஆறு பாட்டுகள். வரிசையை யாராவது தீர்மானித்தாக வேண்டும். கேட்பவர் இஷ்டத்துக்கு மாற்றிப் போட முடியாது. 1951-இல் அவாக்கியான் ‘லூயி ஆம்ஸ்ட்ராங் ஸ்டோரி’யை நான்கு எல்.பி.களாகக் கொண்டு வந்தார்: ஹாட் ஃபைவ், ஹாட் செவன், பியானோ கலைஞர் ஏர்ல் ஹைன்ஸுடன் வாசித்தவை, பிறகு விருப்பப் பாடல்கள். பெஸ்ஸி ஸ்மித்துக்கு நான்கு, பிக்ஸுக்கு மூன்று. வாழ்க்கை வரலாறு போல, பாகம் பாகமாக. இதில் எனக்கு மிகவும் பிடித்த தகவல் ஓர் எண்தான். ‘வெஸ்ட் எண்ட் புளூஸ்’ இடம்பெற்ற மூன்றாம் பாகம் முதலில் எம்.எல். 4385 என்று வந்தது. எம்.எல். என்பது கொலம்பியா தன் மேற்கத்திய சாஸ்திரிய இசைக்கு, பீத்தோவனுக்கும் பிராம்ஸுக்கும், வைத்திருந்த ‘மாஸ்டர்வொர்க்ஸ்’ வரிசை. 8597-இலிருந்து 4385-க்கு வர 23 ஆண்டுகள். பதிவில் ஒரு சுரமும் மாறவில்லை.

அதே காலத்தில் இந்தத் தேவையை மோப்பம் பிடித்த கடற்கொள்ளையர்களும் வந்தார்கள். டான்டே போலெட்டினோ என்பவர் கூச்சமே இல்லாமல் ‘ஜாலி ராஜர்’ என்று லேபிளுக்குப் பெயர் வைத்து, பெரிய கம்பெனிகளின் பதிவுகளை அனுமதியின்றி எல்.பி.யாக விற்றார். விக்டரின் பதிவுகளைத் திருடிய தட்டுகளை, கூலிக்கு அச்சிடும் பிரிவு மூலம் விக்டரின் தொழிற்சாலையே அச்சிட்டுக் கொடுத்தது என்று 1951-இல் ‘ரெக்கார்டு சேஞ்சர்’ இதழ் போட்டு உடைத்தது. கம்பெனிக்குத் தன் சொத்தின் குரலே அடையாளம் தெரியவில்லை. கொலம்பியாவும் ஆம்ஸ்ட்ராங்கும் வழக்குத் தொடுத்து அந்த லேபிளை மூட வைத்தார்கள். அதற்குப் பிறகு விக்டர் ‘எக்ஸ்’ என்ற துணை லேபிளில் ‘வால்ட் ஒரிஜினல்ஸ்’ தொடரைத் தொடங்கியபோது அதைத் தொகுத்துக் கொடுத்தவர்கள் பில் கிராவரும் ஓரின் கீப்நியூஸும். குட்டை வெளிப்படுத்திய அதே ‘ரெக்கார்டு சேஞ்சர்’காரர்கள்!

ஆளை மையமாக வைத்த தொடருக்குப் போட்டியாக ஊரை மையமாக வைத்த தொடர் நின்றது. 1939-இல் ஃபிரெடெரிக் ராம்சேயும் சார்ல்ஸ் எட்வர்ட் ஸ்மித்தும் தொகுத்த ‘ஜாஸ்மென்’ நூல், நியூ ஆர்லியன்ஸில் பிறந்து, சிகாகோவில் வளர்ந்து, நியூயார்க்கில் முதிர்ந்த இசை என்ற கதையை நிலைநிறுத்தியது. பத்தாண்டு கழித்து ஃபோக்வேஸ் லேபிளுக்காக ராம்சே தொகுத்த பதினொரு எல்.பி. தொடர் அந்த நூலின் ஒலிவடிவம் என்றே சொல்லலாம்: தெற்கு, புளூஸ், நியூ ஆர்லியன்ஸ், சிகாகோ, நியூயார்க் என்று பாகங்கள். 1956-இல் ரிவர்சைட் வெளியிட்ட ஐந்து தட்டு வரலாற்றுக்குக் குறிப்பு எழுதியவர் ஸ்மித். அறுபதுகளில் கொலம்பியாவுக்காக ஃபிராங்க் டிரிக்ஸ் தொகுத்தவையும் நியூ ஆர்லியன்ஸ், சிகாகோ, ஹார்லெம் என்றே பிரிந்தன. எண்பதுகளில் பி.பி.சி.க்காக ஒலியை மெருகேற்றிய ஆஸ்திரேலியர் ராபர்ட் பார்க்கரின் தொடரிலும் சில பாகங்களுக்கு ஊர்ப் பெயர்கள்தான் தலைப்பு.

கேட்க நன்றாக இருக்கிற கதை. ஆனால் ‘நியூ ஆர்லியன்ஸ்’ பாகத்தில் முதலில் நிற்கிற கிங் ஆலிவரின் 1923 ஏப்ரல் பதிவுகள் நடந்தது இண்டியானா மாநிலத்தின் ரிச்மண்ட் என்ற சிறு ஊரில், ஜென்னட் லேபிளை நடத்திய ஸ்டார் பியானோ தொழிற்சாலை வளாகத்தில். ரயில் பாதை பக்கத்திலேயே ஓடியதால் வண்டி போகும்போது பதிவை நிறுத்திவைக்க வேண்டியிருந்தது. கு கிளக்ஸ் கிளான் கூலிக்குக் கொடுத்த பாட்டுத் தட்டுகளையும் அதே கம்பெனி அச்சிட்டுக் கொடுத்தது. நியூ ஆர்லியன்ஸிலேயே இருந்து வாசித்த சாம் மார்கனின் குழு, கொலம்பியாவின் பயணக்குழு 1927-இல் அங்கே வந்தபோது எட்டுப் பக்கங்கள் பதிவு செய்தது. அந்த எட்டும் ஆலிவருடையதைப் போல ஒலிப்பதில்லை; அலை அலையாய் எல்லோரும் சேர்ந்து நகரும் இசை. ஊர் என்ற தலைப்பில் நாம் கேட்டுப் பழகியது பெரும்பாலும் ஊரை விட்டுப் போனவர்களின் இசை.

விடுபட்டவை இன்னும் அதிகம். சேகரிப்பாளர்களுக்கு ‘ஹாட்’ வேண்டும், ‘ஸ்வீட்’ என்ற மென்மையான நடன இசை ஆகாது. கறுப்பினக் குழுக்கள் இரவெல்லாம் வாசித்த வால்ட்ஸ்களும் மெல்லிய காதல் பாட்டுகளும் இருபதுகளில் பதிவறைக்குள் பெரும்பாலும் போகவில்லை. அவர்களிடம் கம்பெனி கேட்டது அதுவல்ல. போன கொஞ்சமும் மறுபதிப்பில் வரவில்லை. ஆம்ஸ்ட்ராங் கை லம்பார்டோவின் இனிப்பான நடனக் குழுவின் ரசிகர் என்று வெளிப்படையாகச் சொல்லி வந்தவர். அந்த ரசனையை வைக்க எந்தத் தொடரிலும் இடமில்லை. மறுபக்கம், இடமில்லாதவை உள்ளே வந்ததும் உண்டு. 1961-இல் கொலம்பியா வெளியிட்ட ராபர்ட் ஜான்சனின் புளூஸ் எல்.பி., ‘தெசாரஸ் ஆஃப் கிளாசிக் ஜாஸ்’ என்ற தொடர்ப் பெயரோடுதான் வெளிவந்தது. ஒற்றை கிட்டாரோடு பாடிய மிசிசிப்பிக்காரர் ஜாஸ் அலமாரி வழியாக ராக் இசைக்காரர்களிடம் போய்ச் சேர்ந்தார்.

டியூக் எல்லிங்டன் மாதிரி ஆளுக்கு ஊரோ பாணியோ உதவாது. இருபதுகளின் இறுதியில் அவர் குழு பிரன்ஸ்விக்கில் ‘ஜங்கிள் பேண்ட்’, ஓகேயில் ‘ஹார்லெம் ஃபுட்வார்மர்ஸ்’, மலிவு லேபிள்களில் ‘வூப்பி மேக்கர்ஸ்’. இதைச் சேர்த்துப் பார்க்கக் கம்பெனி எல்லைகளைத் தாண்ட வேண்டும். எந்தக் கம்பெனி தன் போட்டியாளரின் பதிவை வெளியிடும்? விடை சட்டத்தில் இருந்தது. ஐரோப்பாவில் ஒலிப்பதிவு உரிமை ஐம்பது ஆண்டில் காலாவதியானது. ஆகவே குறுந்தகடு காலத்தில் பிரான்சின் ‘கிரானலாஜிக்கல் கிளாசிக்ஸ்’ 500 என்ற எண்ணில் தொடங்கி 2008-ஆம் ஆண்டு வரை, லேபிள் எதுவானாலும் ஒரு கலைஞரின் எல்லாப் பதிவையும் தேதி வாரியாக வெளியிட்டது. கருப்பொருளே இல்லாத தொடர், காலம்தான் கருப்பொருள். அதிலும் ஒரு கறார் விதி: முதலில் வெளியான வடிவம் மட்டும், மாற்று முயற்சிகள் கிடையாது. 2011-இல் ஐரோப்பிய ஒன்றியம் உரிமையை எழுபது ஆண்டாக நீட்டியபோதும், ஏற்கெனவே காலாவதியானவை திரும்பப் போகவில்லை.

அமெரிக்கா இந்த இடத்துக்கு இப்போதுதான் வருகிறது. 2018-இன் சட்டப்படி 1923-க்கு முந்தைய பதிவுகள் 2022-இல் பொதுவுடைமையாயின. 1923-இல் வெளியானவை 2024 ஜனவரி 1 அன்று. ரிச்மண்டில் ரயிலுக்குக் காத்திருந்து வாசித்த அந்தத் தட்டுகளை இனி யார் வேண்டுமானாலும் எந்தத் தலைப்பிலும் தொகுக்கலாம். தொகுத்தும் வருகிறார்கள். கைபேசிச் செயலியில் ‘டிப்பர்மவுத் புளூஸ்’ தேடினால் ஏராளமான தொகுப்புகளில் கிடைக்கும். பக்கத்தில் போட்டிருக்கும் ஆண்டு பெரும்பாலும் அந்தத் தொகுப்பு வெளியான ஆண்டு. ஏப்ரலில் ஜென்னட்டுக்கு வாசித்ததா, ஜூனில் ஓகேவுக்கு வாசித்ததா என்பதைக் காதால்தான் கண்டுபிடிக்க வேண்டும்.